காகங்களின் ஏழாம் இலக்கம்

வெள்ளவத்தை,
12.01.2025

அன்புத் தம்பி உமாசுதனுக்கு,

அக்கா துஷ்யந்தி எழுதுகிறேன். நீ அங்கே லீட்ஸ் குளிரில் விறைக்காமல் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் சீனி வருத்தம் இருந்தபடியே இருக்கிறது, அவவும் பாயாசத்தை விட்டபாடில்லை.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று யோசிப்பாய். போனில் எங்கள் றக்பிக் கழகம் என்று வாய் திறந்தாலே "அக்கா, சிக்னல் இல்லை" என்கிறாய். அதே சிக்னலில் அம்மா எலுமிச்சை ஊறுகாய் அனுப்பட்டோ என்று கேட்டால் மட்டும் வடிவாகக் கேட்கிறது. கடிதத்தை நீ கட் பண்ண ஏலாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்க முதல் வாசிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

லீக்கிலிருந்து அறிவித்தல் வந்திருக்கிறது. போன வருடம் ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்றோம். தோற்பது குற்றமில்லையாம், அதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டாம். ஆனால் வருகிற ஏப்ரல் முப்பதாம் திகதி பதின்மூன்று ஆட்டக்காரர்கள் நேரில் வந்து, லீக் காரியதரிசியின் கண் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் கொட்டாஞ்சேனைக் காகங்கள் என்ற பெயரைப் பதிவிலிருந்து வெட்டிவிடுவார்கள். பதினைந்து பேரைச் சேர்க்க வழியில்லாமல்தானே பதின்மூன்று பேர் ஆடும் றக்பி லீக்கைப் பிடித்தோம். இப்போது அந்தப் பதின்மூன்றுக்கும் ஆளில்லை. 2019 இல் கோப்பை எடுத்த அணியில் பாதிப்பேர் டுபாயில், மீதிப்பேர் கல்யாணம் கட்டி வண்டி வயிறு வைத்துவிட்டார்கள்.

என் கையில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பதின்மூன்றாவது நீ. நீ போன நாளிலிருந்து உன் ஏழாம் இலக்க ஜேர்சியை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தோய்த்து மடித்து, கோட்டுக்கு வெளியே முதல் கதிரையில் போடுகிறோம். அந்தக் கதிரையில் ஒருவரும் இருந்ததில்லை. ஆட்ட நிரலில் முதல் வரி உன் பெயர்தான். உன் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் பன்னிரண்டு பேராகவே ஆடுகிறோம். உனக்கு நாங்கள் தரும் மரியாதை அது.

ஆகவே மரியாதையாக வந்து சேர். எந்தத் திகதி என்று எழுது. இந்த வருடம் நாங்கள் ஏறுவோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அக்கா துஷி


லீட்ஸ்,
30.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் வைத்து வாசித்தேன். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவர் நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். நான் நல்ல சுகம். அம்மாவுக்குப் பாயாசத்தைக் கொடுங்கள், பாவம்.

வருகிறேன் அக்கா. லீவு கேட்டிருக்கிறேன். ஏப்ரல் இருபதுக்கு முதல் கொழும்பில் நிற்கப் பார்க்கிறேன். இங்கே சனிக்கிழமை தவறாமல் கழகத்தில்தான் நிற்கிறேன். இந்தக் கழகமும் எங்களைப் போலத்தான், மூன்று பிரிவு கீழே விழுந்துபோனது. ஆனாலும் மழைக்குள் அறுநூறு பேர் வருகிறார்கள். ஒரு மனுசி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து, "போன வாரத்தைவிட இந்த வாரம் குறைவாத்தான் தோப்பம்" என்று என்னிடம் ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட்டு உள்ளே போவா. நீங்கள் இரண்டு பேரும் சந்தித்தால் நல்லாகப் பிடித்துப்போகும்.

புல் இங்கே வெட்டிய கம்பளம் மாதிரி. கொட்டாஞ்சேனைக் கிறவுண்டில் விழுந்தால் முழங்கை கிழியும், இங்கே விழுந்தால் சேறுதான்.

ஏழாம் இலக்கத்தை ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் வந்து போடுவேன். எங்கள் கோச் இப்றாஹிம் நானாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு முத்தத்துடன்,
உமா


வெள்ளவத்தை,
16.02.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாள் அம்மா கேசரி கிண்டினா. சுகமாய் இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய், மனம் ஆறுதல். எங்கள் இருவருக்கும் குறையில்லை. எனக்குக் கொஞ்சம் தொண்டை நோ, கத்திக் கத்தி வந்தது.

என்ன கத்தல் என்று கேள். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிற எல்லோரையும் காகமாக்கிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பலகையில் கடைசி வரியை வாசிக்கிறவர்களிடம், "கண் நல்லாத்தானே தெரியுது, ஜூன் மாசம் கொட்டாஞ்சேனைக்கு வந்து மெட்ச் பாருங்கோ" என்கிறேன். ஞாயிறு காலை காலி வீதியில் இருபது பேர் கறுப்புச் சட்டையோடு நின்று கா கா என்று கத்தினோம். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் பயந்துபோய் யன்னலைப் பூட்டினார்கள். இரண்டு பேர் இறங்கி வந்து பெயர் கொடுத்தார்கள், ஆடுவதற்கில்லை, கத்துவதற்கு. கழகத்தைக் கிண்டல் செய்யத்தான் எதிரணிக்காரர் முதலில் எங்களைக் காகம் என்றார்கள், நினைவிருக்கிறதா? இன்று அந்தக் கிண்டல்தான் எங்கள் சோறு.

இன்னொரு சங்கதி. இப்றாஹிம் நானா பயிற்சிக்கு ஒருத்தனைக் கூட்டிவந்தார். பெயர் முஸ்அப். இருபத்தாறு வயது, மாளிகாவத்தைத் தொடர்மாடி, புறக்கோட்டையில் துணிக்கடை வேலை. தோளில் துணிக்கட்டோடு அந்தச் சனத்துக்குள் ஒருவரிலும் முட்டாமல் ஓடிப் பழகியவன். பந்தை எடுத்தான் என்றால் பிடிக்க ஆளில்லையடா. ஓரத்தில் நின்று ஓடச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு, "அக்கா, நான் ஸ்கூல்ல இருந்து ஏழுதான். ஏழு தந்தா வாறன், ஓரத்துல நிக்கிறதுக்கு எனக்கு ஏலாது" என்றான்.

இப்றாஹிம் நானாவும் அவன் பக்கம். "தங்கச்சி, ஈக்கிற ஆள உட்டுட்டு இல்லாத ஆளுக்குக் கதிர போட்டு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். அது என் தம்பியின் இடம், ஏப்ரலில் வருகிறான் என்று சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

லீவு கிடைத்ததா? திகதி எழுதவே இல்லை நீ.

காத்திருக்கும்
அக்கா


லீட்ஸ்,
04.03.2025

அன்புள்ள அக்கா,

தொண்டைக்கு மல்லித் தண்ணி குடியுங்கள். நான் நலம்.

அந்த முஸ்அப் யார், எந்தப் பாடசாலையில் ஆடினவன்? ஓடுவதை வைத்து ஏழாம் இலக்கம் கொடுப்பதில்லை. ஏழாம் இலக்கக்காரன் ஓடத் தேவையில்லை, மற்றவர்களை ஓட வைக்க வேண்டும். எதிரணி ஆறு தடவை விழுத்திப் பந்து கை மாறுவதற்குள் அதை எங்கே விட வேண்டும் என்று மூன்றாவது தடவையிலேயே தெரிந்திருக்க வேண்டும். இடக்காலால் உதைப்பானா? அழுத்தத்தில் நின்று உதைப்பானா? 2019 இறுதியாட்டத்தில் இரண்டு பேர் என் மேல் பாயும்போதுதான் அந்தக் கடைசி உதையை உதைத்தேன். துணிக்கட்டு தூக்குகிறவன் எல்லாம் அதைச் செய்ய ஏலாது.

கோபத்தில் எழுதவில்லை. சும்மா சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு முன் காகத்துக்குச் சோறு வைக்கிறீர்கள்தானே? சனிக்கிழமை ஆட்டம் என்றால் என் பங்குக்கும் ஒரு பிடி வையுங்கள்.

இங்கே மழை. வேறு புதினம் இல்லை.

உமா


வெள்ளவத்தை,
22.03.2025

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமென்று எழுதினாய், இருந்துகொள். நான் சுகமில்லை, வெட்கத்தில் குறுகிப்போய் இருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை லீக் காரியதரிசி சவுந்தரநாயகம் சேர் பயிற்சியைப் பார்க்க வந்தார். இளைப்பாறிய கணக்கு வாத்தியார், சேர்ட்டுப் பொக்கற்றில் மூன்று பேனை. பழைய ஆட்ட நிரல்களை ஒரு கோவையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பெஞ்சில் என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"பிள்ளை, இந்த உமாசுதன் எண்டவர் ஆர்?"

"என்ர தம்பி, சேர்."

"ரெண்டு சீசன், பதினாலு மெட்ச். எல்லாத்திலயும் முதல் பேர் அவற்ற. எல்லாத்துக்கும் கிறவுண்டுக்கு வந்தவரோ?"

வாய் தானாகவே சொல்லிப்போட்டுது. "ஜேர்சி வந்தது, சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஜேர்சி கையெழுத்து வைக்குமோ பிள்ளை?"

கையெழுத்து வைத்தது நான். உன்னுடைய பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் அப்பாவின் கையெழுத்தை வைத்துக் காப்பாற்றிய அதே கை. அதை நான் பொய் என்றே நினைத்ததில்லை, உமா. ஒருத்தருமே நினைக்கவில்லை. உன் பெயரை எழுதினால்தான் அணி முழுசாக இருக்கிற மாதிரி எங்களுக்கு. ஆனால் கிறவுண்டில் இல்லாத ஆளின் பெயரை எழுதினால் அந்த ஆட்டம் செல்லாது என்பது விதி. பதின்மூன்று ஆட்டத்தில் ஏற்கெனவே தோற்றோம், அதனால் நட்டமில்லை. 2023 இல் வென்ற அந்த ஒரே ஒரு ஆட்டமும் போய்விட்டது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இனிக் கவனமாகக் கேள். பதிவில் அணித்தலைவனாக நீதான் இருக்கிறாய். நீ உன் கைப்பட விலகல் கடிதம் எழுதாமல் ஏழாம் இலக்கத்தை வேறு ஆளுக்குக் கொடுக்க ஏலாதாம். முஸ்அப்பைத் தெமட்டகொடை அணி கூப்பிடுகிறது. ஏப்ரல் முப்பது வரைக்கும் பார்க்கிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டான். நியாயமான பிள்ளை, அவனில் பிழையில்லை.

ஆகவே இரண்டே வழி. ஒன்றில் வா, இல்லாவிட்டால் விலகல் கடிதத்தை அனுப்பு. இரண்டும் இல்லையென்றால் மே முதலாம் திகதி காகங்கள் இல்லை. நான் உன்னைக் கெஞ்சவில்லை, நீ வருவாய் என்று எனக்குத் தெரியும். திகதியை மட்டும் எழுது.

அக்கா


வெள்ளவத்தை,
10.04.2025

அன்புத் தம்பிக்கு,

பத்தொன்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனும் எடுக்கிறாய் இல்லை. சுகமாக இருக்கிறாயா என்று இந்த முறை வழக்கத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

உன் லீட்ஸிலிருந்து சிவமணி, தன் தங்கச்சியின் கல்யாணத்துக்கு வந்திருந்தார். வெள்ளவத்தை மண்டபத்தில் எனக்கு முன்னால் இருந்துதான் சாப்பிட்டார். பந்தியில் நிறையக் கதைத்தோம். நாளை மறுநாள் திரும்பிப் போகிறார், இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து விடுகிறேன். கூடவே ஒரு பொதி இருக்கிறது. அம்மாவின் ஊறுகாய், உனக்குப் பிடித்த மிக்சர், பிறகு ஒரு போத்தல் வலித் தைலம். தைலத்தைச் சூடாக்கிப் பூசு. மேலிருந்து கீழே தேய், வட்டமாகத் தேய்க்காதே. கம்பளித் துணியால் சுற்றிப்போட்டுப் படு. குளிர் நாட்டில் எலும்புக்கு இதெல்லாம் தேவை.

அம்மாவுக்குத் தைலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாயோடு சேர்த்து நானே கட்டினேன்.

கழகத்தைப் பற்றி உனக்கு எழுத வேண்டியதை எல்லாம் முந்தின கடிதத்திலேயே எழுதிவிட்டேன். இன்னும் இருபது நாள். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்காகச் சோறு வைக்கச் சொல்லி எழுதியிருந்தாய். உயிரோடு குத்துக்கல்லு மாதிரி இருக்கிறவனுக்காக நான் ஏன் காகத்துக்குச் சோறு வைக்க வேண்டும்? அதை நான் செய்ய மாட்டேன்.

சித்திரை வருடப்பிறப்பு வாழ்த்துகள். அன்றைக்காவது புதுச் சட்டை போடு.

அக்கா


லீட்ஸ்,
16.04.2025

அன்புள்ள அக்கா,

சிவமணி அண்ணை பொதியைக் கொண்டுவந்து தந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தந்துவிட்டுப் போனார். தைலப் போத்தலைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அவர் உங்களுக்கு எல்லாம் சொல்லிவிட்டார், நீங்கள் எனக்கு அதைச் சொல்லவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற உங்களுக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்ததுதான் அதிசயம்.

இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். வந்த மூன்றாம் மாதம், 2022 நவம்பரில், இந்தக் கழகத்தில் தெரிவு ஆட்டம் ஒன்று வைத்தார்கள். பத்து நிமிடம் ஆடியிருப்பேன். ஒருத்தன் பக்கத்தால் வந்து விழுத்தினான். முழங்கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இரண்டு ஒப்பரேஷன் செய்தார்கள். நடக்கலாம், இனி ஓட வேண்டாம் என்று டொக்டர் மனுசி சொன்னா. குளிர் கூடின நாளில் தடியோடு போகிறேன். சனிக்கிழமை தவறாமல் கழகத்தில் நிற்கிறேன் என்று எழுதினேனே, அது பொய்யில்லை. கேட்டில் நிற்கிறேன். டிக்கெட் கிழிக்கிறேன்.

லீவு கேட்டேன் என்றதும் வருகிறேன் என்றதும் பொய். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு உறை வைத்திருக்கிறேன். அதுதான் நீங்கள் கேட்ட விலகல் கடிதம். அதை இப்போது எழுதவில்லை. 2023 ஜூன் மூன்றாம் திகதி, உங்கள் முதலாவது ஆட்ட நாள் காலையில் எழுதி, முத்திரையும் ஒட்டித் தபால் பெட்டி வரைக்கும் போனேன். அப்போது உங்கள் போன் கோல் வந்தது. "உமா, வெண்டிட்டம்! உன்ர கதிரையாலதான் வெண்டனாங்கள், எல்லாரும் உன்ர பேரைச் சொல்லித்தான் கத்தினவை" என்றீர்கள். பின்னால் கா கா என்று ஒரே சத்தம். உறையைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அது இரண்டு வருடமாக என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

அந்த முதல் வரியில் என் பெயர் இருக்கும் வரைக்கும் நான் ஆட்டக்காரன் அக்கா. இங்கே நான் டிக்கெட் கிழிக்கிறவன். அதனால்தான் விடவில்லை. அதனால் நீங்கள் பன்னிரண்டு பேரோடு அடி வாங்கினீர்கள். பத்தொன்பது நாள் எழுதாமல் இருந்ததும் அந்த வெட்கத்தால்தான்.

முஸ்அப்பைப் பற்றி முன்பு எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், பொறாமையில் எழுதினேன். ஜேர்சியை நீங்களே தோய்த்து அவன் கையில் கொடுங்கள். பெரிதாக இருந்தால் வெட்டாமல் உள்ளே மடித்துத் தையுங்கள்.

வேகத் தபாலில் போடுகிறேன். முப்பதுக்குள் வரும்.

உமா


வெள்ளவத்தை,
01.05.2025

என் தங்கத் தம்பிக்கு,

உன் முழங்கால் எப்படி? தைலம் பூசினாயா? இனி ஒவ்வொரு கடிதத்திலும் இதைத்தான் முதலில் கேட்பேன், நீயும் முதலில் இதற்குத்தான் பதில் எழுத வேண்டும்.

உன் கடிதம் இருபத்தொன்பதாம் திகதி பகல் கடைக்கு வந்தது. உள்ளே கண் சோதிக்கிற இருட்டு அறைக்குப் போய் வாசித்து அழுதேன். கோல் எடுத்திருப்பேன், ஆனால் நான் அழுவது உனக்குக் கேட்கும். சிவமணி சொன்னபோதே பாதி அழுதுவிட்டேன், மிச்சத்தை அன்றைக்கு முடித்தேன். கோபமா என்று கேட்டால், ஓம், கோபம்தான். கால் போனதற்கில்லை. நீ தனியாக ஆஸ்பத்திரியில் கிடந்து, எங்களுக்குப் புல்லைப் பற்றி எழுதினாயே, அதற்கு. விசரா, நாங்கள் கத்தினது உன் காலுக்கா? உனக்கடா.

முப்பதாம் திகதி காலை ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து லீக் அலுவலகத்துக்குப் போனேன். பன்னிரண்டு பேரும் கறுப்புச் சட்டையோடு வாசலில் நின்றார்கள். முஸ்அப் கடையில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, தெமட்டகொடை ஆளோடு போனில் கதைத்துக்கொண்டு தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றான்.

சவுந்தரநாயகம் சேர் உன் உறையைக் கத்தியால் பிரித்தார். மெல்ல, சத்தமாகவே வாசித்தார். "கொட்டாஞ்சேனைக் காகங்களின் ஏழாம் இலக்கத்திலிருந்தும் அணித்தலைமையிலிருந்தும் விலகுகிறேன். என் இடத்துக்கு வருபவர் என்னைவிட வேகமாக ஓடட்டும்." இப்றாஹிம் நானா தொப்பியைக் கழற்றிவிட்டார். பிறகு சேரின் கண் திகதியில் நின்றது.

"பிள்ளை, இது ரெண்டு வருசத்துக்கு முந்தின கடிதமெல்லோ?"

"ஓம் சேர். தபால் கொஞ்சம் பிந்திட்டுது."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். சேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "இந்த நாட்டுத் தபால்" என்று சொல்லிக் குத்து முத்திரையை எடுத்துக் குத்தினார். நான் யன்னலால் எட்டி, "முஸ்அப்! போனை வையடா, வா!" என்று கத்தினேன். ஓடி வந்தான். பதின்மூன்றாவது கையெழுத்து விழுந்தது. காகங்கள் இருக்கின்றன, உமா!

எனக்குத் தண்டனை உண்டு. ஒரு வருடத்துக்கு எந்த ஆட்ட நிரலிலும் நான் பேனை வைக்கக்கூடாது. "கத்தலாமோ சேர்?" என்று கேட்டேன். "அதை ஆரும் நிப்பாட்டேலாது பிள்ளை" என்றார்.

ஜேர்சி முஸ்அப்புக்கு அளவாக இருக்கிறது. தைக்கத் தேவைப்படவில்லை. சொல்வது உனக்கு நோகும்தான், ஆனால் இனி உன்னிடம் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

அம்மாவுக்கு நேற்றுச் சொன்னேன். அழுதா, பிறகு உனக்கு இன்னும் இரண்டு போத்தல் தைலம் கட்டச் சொன்னா.

அக்கா


லீட்ஸ்,
19.05.2025

அன்புள்ள அக்கா,

முழங்கால் பரவாயில்லை. தைலம் பூசுகிறேன், மேலிருந்து கீழே. அறை முழுக்கக் கொழும்பு மணக்கிறது.

தபால் பிந்திவிட்டது என்ற இடத்தை நாலு தடவை வாசித்தேன். கேட்டில் நின்றுகொண்டு நினைத்து நினைத்துச் சிரித்தேன், பிளாஸ்க் மனுசி பயந்துபோனா. அவவுக்குக் கதை முழுவதையும் சொன்னேன். அவ தன் கழகத்தை விட்டுவிட்டு இப்போது காகங்களின் புள்ளியைத்தான் கேட்கிறா.

ஜேர்சி அளவாக இருக்கிறது என்றது நொந்தது. அரை நாள் நொந்தது, பிறகு சரி. முஸ்அப்புக்குச் சொல்லுங்கள், கடற்காற்று இடப்பக்கத்தால் வரும், உதைக்கும்போது ஒரு முழம் இடப்பக்கம் பிடிக்க வேண்டும்.

முதல் ஆட்டம் ஜூன் பதினாலு சனிக்கிழமை என்று தெரியும். கோல் எடுக்காதீர்கள். கடிதமாக எழுதுங்கள், எனக்கு வைத்து வைத்து வாசிக்க வேண்டும்.

உமா


வெள்ளவத்தை,
15.06.2025

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் எப்படி? என் தொண்டை அடியோடு போய்விட்டது, கடையில் சைகையால் கதைக்கிறேன். அம்மா சுகம், ஆனால் காகங்களோடு கோபம். அதற்குக் காரணம் வருகிறது.

நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்டம். போன வருடம் நாற்பது பேர் வந்த இடத்தில் இருநூறு பேருக்குக் குறையாது. என் கண்ணாடிக் கடைச் சனம் மட்டும் ஒரு வரிசை. மதில் மேலும் ஆட்கள் ஏறிவிட்டார்கள். அம்மா வெள்ளைச் சோறும் பருப்பும் கட்டிக் கொண்டுவந்து மூலைக் கொடிக்குப் பக்கத்தில் வைத்தா. ஒரு காகமும் கிட்ட வரவில்லை. எல்லோருக்கும் முகம் கறுத்துப்போயிற்று. முஸ்அப் தன் மதியச் சாப்பாட்டுப் பார்சலில் மிஞ்சிய புரியாணியை ஒரு பிடி எடுத்து, "இதையும் வச்சுப் பாப்பமா அக்கா?" என்று கேட்டு வைத்தான். வைத்த கை எடுக்க முதல் நாலு காகம் வந்து இறங்கியது. அம்மா இன்னும் அவற்றை மன்னிக்கவில்லை.

முதல் கதிரையை நானே மடித்து வைத்துவிட்டேன். நிரலை இப்றாஹிம் நானா எழுதினார். முதல் வரியில் முஸ்அப், ஏழு. அதை எட்டிப் பார்த்தேன். பிறகு பதின்மூன்று பேரும் வரிசையாக உள்ளே போனதைப் பார்த்தேன், உமா. இரண்டு வருடமாகப் பன்னிரண்டையே எண்ணிப் பழகிய கண். இரண்டு தடவை எண்ணினேன்.

சொல்லிவிடுகிறேன், தோற்றோம். பதினாறுக்குப் பதினான்கு. கடைசி நிமிடத்தில் முஸ்அப் தண்டனை உதை உதைத்தான். உள்ளே போயிருந்தால் சமன். நீ சொன்னபடி ஒரு முழம் இடப்பக்கம்தான் பிடித்தான், பாழாய்ப்போன காற்று அன்றைக்கென்று நின்றுவிட்டது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே விழுந்தது. முஸ்அப் உன்னைத் திட்டச் சொன்னான், திட்டியாகிவிட்டது. ஆனால் பதின்மூன்று பேராகத் தோற்றோம். ஆட்டம் முடிந்தும் ஒரு சனமும் எழும்பவில்லை, இருந்த இடத்திலிருந்தே கா கா என்று கத்திக்கொண்டிருந்தது. சவுந்தரநாயகம் சேர்கூட வாயைத் திறந்ததைக் கண்டேன், கேட்டால் கொட்டாவி என்கிறார். அடுத்த சனி வெல்வோம். எழுதி வைத்துக்கொள்.

ஒரே ஒரு சிக்கல். டிக்கெட் அடித்து வைத்திருந்தோம், ஆனால் கேட்டில் நிற்க ஆள் வைக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவ்வளவு சனம் வரும் என்று யார் கண்டது? இருநூறு பேரும் சும்மா உள்ளே போய்விட்டார்கள். கையில் கிழிக்காத டிக்கெட் கட்டோடு நான் நின்றேன்.

எங்களுக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும். ஓடத் தேவையில்லை. ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி கடைசி ஆட்டம். மடித்து வைத்த அந்தக் கதிரையைக் கேட்டடியில் போடுகிறேன், களைத்தால் இருக்கலாம். உன் பெயரை இந்த முறை நாங்கள் ஒரு இடத்திலும் எழுத மாட்டோம். நீ வந்தால் சரி.

தடியையும் கொண்டுவா, மதிலில் ஏறுகிறவர்களைக் கலைக்க உதவும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா துஷி